பாட்டிக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள்



நேற்று பக்கத்து வீட்டுப் பாட்டி லேகிய டப்பாவை நீட்டி, "டீச்சரம்மா, இதுல என்ன போட்டிருக்கு?" என்றார். "டாக்டர் சொல்படிதான் சாப்பிடணுமாம் பாட்டி" என்றேன். "ஐயோ, வலி வந்தா நானே ரெண்டு உருண்டை சேத்துப் போட்டுக்குறேனே!" என்றார்.

1945 மருந்து விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில், சித்த மருத்துவப் பிரிவில் கஞ்சா, அபினி, எட்டி எல்லாம் உண்டு. அவை சேர்ந்த உள்மருந்துகளில் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! தமிழில் பிறந்த வைத்தியம். தேசிய சித்த மருத்துவ நிறுவனமே நம் தாம்பரம் சானடோரியத்தில்தான் இருக்கிறது.

மாநில மொழியையும் விதியில் சேர்க்க வேண்டும். அதுவரை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மருந்து டப்பாக்களை இன்றே படித்துச் சொல்லுங்கள். இதுதான் டீச்சர் தரும் வீட்டுப்பாடம்.