எஸ்.எம்.பி.எஸ். சும்மா வருகிறதா? வேண்டாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எந்த பிராசசர், எத்தனை ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. எவ்வளவு, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை. கேட்டால், "அது கேபினட்டோடயே வந்துடும் சார்" என்பார் கடைக்காரர். நாமும் சரி என்று தலையாட்டுவோம். அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்குபவர் ஏமாறும் முதல் இடம் இதுதான் என்பது என் கருத்து.

காரணத்தைப் பார்ப்போம். மின்சாரம் அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து வந்தாலும் சரி, வேறு எங்கிருந்து வந்தாலும் சரி, உங்கள் வீட்டு பிளக் பாயின்டில் கிடைப்பது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டரின் பாகங்களுக்குத் தேவைப்படுவதோ 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்வது எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ராம் கெட்டுப்போனால் ராமோடு போகும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போனால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

எங்கள் எம்.கே.பி. நகரில் ஒரு அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சீட்டுப் பணத்தை எடுத்து, கல்லூரியில் படிக்கும் மகளுக்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினார். 11ஆம் நாள் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. கடையில் எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, 2 நாள் கழித்து "சரி பண்ணியாச்சு" என்று கொடுத்தார்கள். 3 வாரம் ஓடியது. பிறகு ஒரு மாலை 'டப்' என்று சத்தம். இந்த முறை மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டது. "தம்பி, நீங்க சாப்ட்வேர்லதானே இருக்கீங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். நான் முதலில் கேட்டது பில்லை. அவரிடம் இருந்ததோ, விசிட்டிங் கார்டின் பின்புறம் பேனாவால் எழுதிய மொத்தத் தொகை மட்டும். எந்தப் பாகம், என்ன மாடல், எத்தனை நாள் வாரன்டி என்று எதுவும் இல்லை. மகளின் புராஜக்ட் வேலை அப்படியே நின்றது.

சரி, புதுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? உடனே எஸ்.எம்.பி.எஸ். மீது பழி போட வேண்டாம். முதலில் அதே பிளக் பாயின்டில் ஒரு டேபிள் பேனையோ லேம்பையோ மாட்டிப் பாருங்கள். பிறகு கேபினட்டின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ்ஸில் உள்ள சிறிய சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரும், பிராசசர் அருகில் செருகும் 4 அல்லது 8 பின் கனெக்டரும் முழுவதும் உள்ளே போயிருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் பல நேரம் கோளாறு இங்கேதான் இருக்கும். பேன் அரை நொடி சுற்றி நின்றுவிட்டால், உள்ளே எங்கோ ஷார்ட் ஆகி எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், நன்றாக ஓடும் வேறு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது.

பச்சை வயரையும் கருப்பு வயரையும் இணைத்து பேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையைச் சிலர் சொல்வார்கள். பேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். உயிரோடு இருக்கிறது என்று தெரியும். லோடு ஏறும்போது தாங்குமா என்பது அதில் தெரியாது. தவிர, இப்போது வரும் பலவற்றில் எல்லா வயர்களும் கருப்பு நிறம்தான். புதியவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? இதற்கு எஸ்.எம்.பி.எஸ்ஸைக் குறை சொல்வதற்கு முன் வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத பிளக்கில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். கூட இப்படிச் செய்யும். அதற்குள் இருக்கும் பில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம், போக இடமில்லாமல் கேபினட்டில் நிற்பதுதான் காரணம்.

எஸ்.எம்.பி.எஸ்தான் கெட்டுப்போனது என்று உறுதியாகிவிட்டால், நான் சொல்வது ஒன்றுதான். புதுக் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு ரிப்பேர் வேண்டாம், மாற்று எஸ்.எம்.பி.எஸ். கேளுங்கள். எரிந்த ஒரு பாகத்தை மாற்றி மறுபடி ஓட வைத்துவிடலாம். ஆனால் அது ஏன் எரிந்தது, வேறு எந்தப் பாகம் அதனால் பலவீனமானது என்று சோதிக்கும் கருவிகள் சாதாரண ரிப்பேர் மேஜையில் இருப்பதில்லை. நீங்களும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும். கருகிய வாசனை வந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசை வேண்டாம்.

மாற்றிக் கேட்பது நம் உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. இதற்கு பில்லில் குறித்த காலம் பொருந்தும். காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். கடைக்காரர் கேட்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கு மேலும் போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ஆனால் அந்த அக்காவைப் போல விசிட்டிங் கார்டு மட்டும் வைத்திருந்தால் வழக்கை நிரூபிப்பது கடினம். "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும்" என்று சொல்லி, பில் இல்லாமல் குறைத்துத் தருவார்கள். அந்தத் தள்ளுபடியை ஏற்றுக்கொண்டால், வாரன்டியைக் கேட்கும் ஆதாரத்தை நாமே கைவிட்டுவிடுகிறோம்.

"தெரிந்த பையன், நைட் 9 மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான், அவனிடம் போய் பில் கேட்பதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குறைந்த லாபத்தில் வீடு தேடி வந்து வேலை செய்யும் அசெம்ப்ளர்கள் இருப்பதால்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் பில் கேட்பது சண்டை போடுவது ஆகாது. பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் எழுதிய பில் இருந்தால், அந்தப் பையனும் தன் டீலரிடம் உரிமையோடு மாற்றிக் கேட்க முடியும்.

பெரிய பிராண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2021இல் கிராபிக்ஸ் கார்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் நியூஎக் என்ற ஆன்லைன் கடை கார்டுகளோடு ஜிகாபைட் நிறுவனத்தின் ஜி.பி.-பி750ஜி.எம்., ஜி.பி.-பி850ஜி.எம். பவர் சப்ளைகளையும் சேர்த்து விற்றது. கார்டு வேண்டும் என்றால் இதையும் வாங்க வேண்டும். அவற்றில் சில வெடித்துக் கெட்டுப்போவதாகப் புகார்கள் கிளம்பின. கேமர்ஸ் நெக்சஸ் என்ற விமர்சனக் குழு சோதித்தபோதும் பல செயலிழந்தன. நீண்ட நேரம் அதிக லோடு வைத்துச் சோதித்ததால் வந்த பிரச்சினை என்று ஜிகாபைட் கூறியது. ஆனாலும் 2021 ஆகஸ்டில், பாதுகாப்பு கட் ஆகும் அளவைக் குறைத்ததாகவும், குறிப்பிட்ட சீரியல் எண்கள் கொண்டவற்றைத் திருப்பித் தரலாம் அல்லது மாற்றிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. கேட்காமல் சேர்த்துக் கொடுக்கும் பொருளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அந்த ஊரிலும் மாற்றிக் கொடுப்பதை முடிவு செய்தது சீரியல் எண்தான்.

அடுத்த முறை வாங்கும்போது எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் அளவை மட்டும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். "450 வாட்" என்று எழுதி, 12 வோல்ட்டில் 15 ஆம்பியர்தான் என்றால், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 180 வாட் மட்டுமே. 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. வீணாகும் மின்சாரம் குறைவு என்பதற்கு அது அடையாளம். எத்தனை ஆண்டு வாரன்டி என்பதைப் பெட்டியிலும் பில்லிலும் சரிபாருங்கள். மாடுலர் வகை எஸ்.எம்.பி.எஸ். என்றால், பழையதன் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். பொருந்துவதுபோல் இருந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாட்டினால் ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும்.

பட்ஜெட் இடிக்கிறதா? எஸ்.எஸ்.டி. கொள்ளளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். கேபினட்டில் கலர் விளக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்ஸில் போடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், பில்லில் எஸ்.எம்.பி.எஸ். என்று தனி வரி இருக்கிறதா, அதில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். இல்லை என்றால் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.