கணக்கேட்டில் இல்லாத ஒரு பக்கம்

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. நம் வணிகர்கள் இதை நன்கு கற்றவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் சிறிய தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கணக்கேட்டைப் புரட்டினால் எத்தனை தோல் வந்தது, எத்தனை சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது, எவருக்கு எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சென்ற வாரம் டிரம்மின் அருகே வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பிய தொழிலாளியைப் பற்றி ஒரு வரியும் இராது. அவருக்கு அடிபடவில்லை, ஆகவே எழுத ஒன்றுமில்லை என்று கருதப்படுகிறது.

எழுதப்பட வேண்டியது அதுவே என்பது நம் கருத்து.

"இருபது ஆண்டுகளாக ஆலை நடத்துகிறோம், அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடந்ததில்லை" என்று உரிமையாளர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் உயிரிழப்பு என்பது இயல்பாகவே அரிது. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் பெரிய நிறுவனம் தன் விபத்துகளை எண்ணிப் பாடம் கற்கலாம். சிறிய ஆலைக்கு எண்ணுவதற்கு விபத்துகளே இல்லை. அங்கு முதல் விபத்திலிருந்து பாடம் கற்பதென்றால், அப்பாடத்திற்கு ஒருவருடைய உயிரே கட்டணம். சிறு தொழிலுக்குக் கைக்கெட்டும் தகவல் ஒன்றே ஒன்றுதான்: விபத்தாகாமல் தப்பியவை. அவை மாதத்திற்குப் பலமுறை நடக்கின்றன. மாலைத் தேநீரோடு மறக்கப்படுகின்றன.

தோல் ஆலையில் இம்மறதி எவ்வளவு கொடியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முடி நீக்கும் சுண்ணாம்புக் கட்டத்தில் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. பின்னர் வரும் கட்டங்களில் அமிலம் சேர்கிறது. இவ்விரண்டின் கழிவு நீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலேயே தங்கும். அடியில் படிந்த சேற்றைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த வாயு ஒரே வீச்சில் வெளிப்படும். குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்ற அளவை எட்டினாலோ, சில நிமிடங்களில் மூக்கு அந்நாற்றத்தை உணரும் திறனை இழந்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரமே மிகுந்த ஆபத்தான நேரம். முதலில் இறங்கியவர் சாய்ந்ததும் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கிறார், அவரும் எழுவதில்லை. இத்தகைய மரணங்களில் எண்ணிக்கை ஒன்றோடு நிற்காமல் இரண்டும் மூன்றும் ஆவது இதனால்தான்.

இத்தகைய நாளுக்கு முன்னால் வேறு நாட்கள் இருந்திருக்கக் கூடும். தொட்டியருகே நின்ற ஒருவருக்குத் தலை சுற்றியிருக்கலாம். இன்னொருவர் கண் எரிகிறது என்று மேலே வந்திருக்கலாம். மேஸ்திரி அவரிடம் "வெயில், மோர் குடி" என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேர் மூன்று கிழமைகளில் சொன்னவை ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தால், மூன்றும் ஒரே தொட்டியருகே நிகழ்ந்தவை என்பது படிப்பறிவு குறைந்தவருக்கும் புலப்படும்.

விபத்து நடந்தபின் "அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். நடந்ததைப் பொறுத்துக்கொள்வதற்கு அச்சொல் உரியது. நடக்கவிருப்பதை ஆராயாமல் இருப்பதற்கு அது உரியதன்று. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது ஸர்ஃக் என்னுமிடத்தில் படைத்தலைவர்கள் எதிர்கொண்டு, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தெரிவித்தார்கள். அவர் முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷி முதியவர்களிடமும் தனித்தனியே ஆலோசனை கேட்டுத் திரும்பிச் செல்ல முடிவு செய்தார். அல்லாஹ்வின் விதியைவிட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) விடையளித்தார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து சொன்னது அதன் பின்னரே. இந்நிகழ்ச்சியைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். களத்திலிருந்து வந்த ஒரு செய்தியை ஆட்சித் தலைவர் நின்று கேட்டார் என்பதைத்தான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நம் ஆலைகளில் களத்துச் செய்தி மேலே வராததற்குக் காரணம் உண்டு. எழுதியது நாளை தமக்கே எதிரான சாட்சியாகும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். சொன்னால் "கவனமில்லாதவன்" என்ற பெயரும் கூலிப் பிடித்தமும் வரும் என்று தொழிலாளி அஞ்சுகிறார். முதல் அச்சத்திற்கு நாம் அதிகம் இடம் தரமாட்டோம்; அறியாமல் இருந்தேன் என்பது மறுமையில் எவ்வளவு தூரம் செல்லும் சாக்கு என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாம் அச்சம் நியாயமானது. தப்பியதைச் சொன்னவருக்குத் தண்டனையில்லை என்று உரிமையாளரே எல்லோர் முன்னிலையிலும் அறிவித்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருமுறை ஒருவரை ஏசிவிட்டால் ஏடு அன்றே மூடிவிடும்.

ஏடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: நாள், நேரம், இடம், என்ன நடக்கவிருந்தது, என்ன செய்தோம். கடைசிப் பத்தி வெறுமையாகவே கிடந்தால் நோட்டால் பயனில்லை. எழுதத் தெரியாதவர் சொல்ல, கணக்கர் எழுதட்டும். வாரம் ஒருமுறை அதைப் படித்துக் காட்டவும் வேண்டும்.

தகவல் மேலிருந்து கீழும் இறங்க வேண்டும். 1984இல் போபால் துயரம் நிகழ்ந்த பின், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் 41பி பிரிவு சேர்க்கப்பட்டது. ஆபத்தான செய்முறைகளில் உள்ள அபாயங்களைத் தொழிலாளர்களுக்குத் தெரிவிப்பது ஆலையை நடத்துபவரின் கடமை என்றது அப்பிரிவு. தோல் பதனிடுதலும் அச்சட்டத்தின் ஆபத்தான தொழில்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் இரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தாள் ஆங்கிலத்தில் அச்சாகி அலுவலகக் கோப்பில் உறங்குவதே வழக்கமாக இருக்கிறது. இன்று தொட்டியருகே நிற்பவர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எச்சரிக்கைப் பலகை வங்காளத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும். படமும் இருந்தால் இன்னும் நல்லது.

ஓர் ஆலையின் நோட்டு அந்த ஆலைக்கு மட்டும் உதவும். பத்து ஆலைகளின் நோட்டுகள் ஒன்றாகப் படிக்கப்பட்டால், தனியே எவருக்கும் தெரியாதது தெரியவரும். இதற்குப் புதிய சங்கம் எதுவும் தேவையில்லை. ஆலை உரிமையாளர்கள் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள்தாம். மாதம் ஒருமுறை, தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் மஹல்லாவில் அமரலாம். ஆலையின் பெயரைச் சொல்லாமல் எந்த வகைத் தொட்டி, எந்த வேளை, எது தவறியது என்று மட்டும் சொன்னால் போதும். வரும்போது மேஸ்திரியையும் அழைத்து வரலாம். உரிமையாளர் அறியாத பாதி அவரிடம் இருக்கும்.