கோபுரத்தைத் தாண்டி ஒரு பஸ் ஏறுங்க

ஸ்ரீவில்லிபுத்தூர் போனா நாம என்ன செய்வோம்? ஆண்டாள் கோயில் கோபுரம் முன்னாடி ஒரு செல்ஃபி, அரை கிலோ பால்கோவா, திரும்பி வர பஸ். நானும் அப்படித்தான். போன மாசம் கிளாஸ்மேட் ஒருத்தன் "எங்க ஊரையும் பாருடா" என்று ராஜபாளையம் வழியாகச் சத்திரப்பட்டிக்குக் கூட்டிப்போனான்.

ராஜபாளையம் 1936-லிருந்தே மில் ஊர். பக்கத்தில் இது தறி ஊர். தெருவுக்குள் நுழைந்ததும் அவன் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. வரிசையாக விசைத்தறி. நெய்வது சேலை இல்லை, பேண்டேஜ் துணி! நெய்து, வெளுத்து, காயவைத்து, வெட்டிச் சுருட்டணும். அப்புறம்தான் அது ஆஸ்பத்திரிக்குப் போகும். நம்ம ஹாஸ்டல் ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸில் கிடப்பதும் இந்த மாதிரித் துணிதான்.

தறி ஓட்டிய அக்காவிடம் ஏதோ கேட்டேன். என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னாங்க. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, நாடா ஓடும் தறிக்கூடம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். காதில் பஞ்சுகூட யாரும் வைத்திருக்கவில்லை. அதுவும் பஞ்சு புழங்குற ஊரில்.

ரீல்ஸ் எடுக்க அங்கே போகாதீங்க, அவங்க வேலை கெடும். ஆனால் ஐ.வி. என்றாலே கோவாவுக்கு பஸ் பிடிக்கிற நாம, ஒரு நாள் இங்கே போகலாம். எத்தனை வருஷம்தான் லைன் ஃபாலோயர் ரோபோவையே புராஜெக்ட் என்று காட்டுவது? சத்தம் அளக்கிற மீட்டர் கேட்டு லேபில் லெட்டர் கொடுத்திருக்கேன். கூட வர இரண்டு பேர் வேணும்.