வாடகை சர்வரும் ஐந்தாண்டுப் பேரேடும்

குஜராத் மாநிலம் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்திவரும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு 2025 ஜூலையில் விநோதமான நெருக்கடி ஏற்பட்டது. ரஷியாவின் ராஸ்நெஃப்ட் அதில் 49 சதவீதப் பங்கு வைத்திருப்பதால் ஐரோப்பிய யூனியன் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தது. அடுத்த சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் தனது சேவைகளை நிறுத்தியது. பணம் செலுத்தி உரிமம் பெற்றிருந்தும் சொந்தத் தகவல்களையே திறக்க முடியவில்லை என்று கூறி, தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது நயாரா. அம்மாத இறுதியில் சேவை திரும்பக் கிடைத்தது. பெரும் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், இலவச மின்னஞ்சலை நம்பியிருக்கும் சாமானியரின் கதி என்ன?

இதற்கு மாற்றுவழி இல்லாமலில்லை. பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி சர்வராக வாடகைக்கு விடுகிறார்கள். மாதம் சில நூறு ரூபாயில் அத்தகைய சர்வர் ஒன்று கிடைக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருளை அதில் நிறுவிக்கொண்டால், புகைப்படங்கள், ஆவணங்கள், நாள்குறிப்பு அனைத்தையும் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். இதில் சிரமங்களும் உண்டு. தகவல்களுக்கு நகல் எடுப்பதும், பாதுகாப்பு ஓட்டைகளை அவ்வப்போது அடைப்பதும் வாடகைக்கு எடுத்தவரின் வேலை. சிறிய சர்வரிலிருந்து செல்லும் மின்னஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் பலநேரங்களில் குப்பைக் கடிதமாக ஒதுக்கிவிடுகின்றன. ஆயினும், வழக்குரைஞருக்கும் தொழிற்சங்கத்துக்கும் சிற்றிதழுக்கும் தம் பெட்டிச் சாவி தம் கையில் இருப்பது சாதாரண விஷயமல்ல.

தற்சார்பு குறித்து ஓயாமல் பேசும் மத்திய அரசு இத்தகைய குடிமகனை ஊக்குவித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. இந்தியக் கணினி அவசரகாலச் செயற்குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, சர்வரை வாடகைக்கு விடுவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். எந்த நோக்கத்துக்காக வாடகைக்கு எடுக்கிறார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அவர் காலி செய்துவிட்டுப் போன பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அந்தப் பேரேட்டைப் பாதுகாக்க வேண்டும்.

இணையவழி மோசடிகள் பெருகிவிட்ட நிலையில் இது தவிர்க்க முடியாதது என்பது அரசுத் தரப்பு வாதம். அதை முற்றிலும் புறந்தள்ளிவிட முடியாது. தில்லியில் வீட்டை வாடகைக்கு விடுபவர் குடியிருப்போரின் விவரத்தைக் காவல் துறையிடம் தருகிறார். அதை யாரும் அடக்குமுறை என்பதில்லை. ஆனால், குற்றம் செய்யத் துணிந்தவர் வெளிநாட்டு சர்வரை நாடிப் போய்விடுவார். முறையாகப் பெயர் கொடுத்து உள்நாட்டில் வாடகைக்கு எடுப்பவர்தான் பேரேட்டில் நிற்பார். இதே உத்தரவால், வி.பி.என். சேவை அளித்துவந்த எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என். போன்ற நிறுவனங்கள் 2022-லேயே இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. சிறு நிறுவனங்கள் வைத்திருக்கும் பேரேடுகளுக்குத்தான் என்ன பாதுகாப்பு? தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களே 2022 நவம்பரில் தாக்குதலுக்குள்ளாகி, பல நாள்கள் காகிதத்தில் எழுதி நோயாளிகளைப் பதிவு செய்ய நேர்ந்ததை மறந்துவிடலாகாது.

இதைவிடக் கவலைக்குரியது, இதில் நாடாளுமன்றத்துக்கு இடமே இல்லாமல் போனதுதான். உத்தரவுக்கு ஆதாரம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவு. அதைச் சேர்த்த திருத்த மசோதா 2008 டிசம்பர் 22 அன்று மக்களவையில் விவாதமின்றியே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. அதே மசோதாவில் வந்த 66-ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகளை இரு அவைகளிலும் வைத்தாக வேண்டும். உறுப்பினர்கள் திருத்தம் கோரலாம். 'உத்தரவு' என்று பெயரிட்டுவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. போதாக்குறைக்கு, 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கப்பட்டது.

நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய எண்ம தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ வேறு திசையைக் காட்டுகிறது. சொந்த, குடும்பத் தேவைக்காக ஒருவர் தகவல்களைக் கையாள்வதற்கு அச்சட்டம் பொருந்தாது. நோக்கம் முடிந்ததும் பிறரது தகவலை அழித்துவிட வேண்டும் என்பதும் அதன் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்கலாம் என்ற விதிவிலக்கும் அதிலேயே இருக்கிறது. அந்த இடுக்கில்தான் ஐந்தாண்டுப் பேரேடு பத்திரமாக இருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் தலையிடுவதானால் சட்டத்தின் பின்புலம் வேண்டும், தேவைக்கு மிகாத அளவு வேண்டும் என்பதும் அத்தீர்ப்பிலேயே கூறப்பட்டது. குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கச் சில நூறு ரூபாய்க்கு சர்வர் எடுப்பவரையும் மோசடிக் கும்பலையும் ஒரே பேரேட்டில் எழுதுவது அந்த அளவுகோலில் தேறுமா?

அரசு செய்ய வேண்டியது எளிது. இந்த உத்தரவை விதிகளாக மாற்றி இரு அவைகளிலும் வைக்கட்டும். சொந்தத் தேவைக்கு வாடகைக்கு எடுப்போரிடம் நோக்கம் கேட்பதைக் கைவிடட்டும். காலி செய்த பின் விவரங்களை வைத்திருக்கும் காலத்தைக் குறைக்கட்டும். எதிர்க்கட்சிகளும் அவையை முடக்குவதில் காட்டும் முனைப்பில் ஒரு பங்கையாவது இதில் காட்டலாம். 2008-ல் பேசாமல் விட்டதன் விலையை இன்று குடிமக்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.