புதினத்திற்கு ஓர் அவை

நுழையும்முன்

புதினம் தனிமையில் படிக்கப்படுவது. படித்து முடித்தபின் எழும் கருத்து, பிற வாசகர் முன்னே வைக்கப்படும்போது என்ன ஆகிறது? தமிழ் வாசகர்களிடையே நிகழ்ந்த சில கருத்துப்போர்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரே புதினத்தை இருவர் படித்து முடிக்கின்றனர். ஒருவர், ‘நன்றாக இருந்தது’ என்கிறார். மற்றவர், ‘சலிப்பாக இருந்தது’ என்கிறார். பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. இரண்டும் உண்மையான உணர்வுகளே. எனினும், இரண்டுமே இன்னும் கருத்தாகவில்லை. எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த மாந்தர் பேசுகையில் சலிப்புத் தோன்றியது என்று ஒருவர் வினவ, மற்றவர் புத்தகத்தைப் புரட்டி அவ்விடத்தைத் தேடத் தொடங்கும்போதுதான் கருத்துப் பிறக்கிறது. பல நேரங்களில் அவ்விடம் அவர் நினைவில் இருந்தவாறு புத்தகத்தில் இருப்பதில்லை. அந்தச் சிறு வியப்பே இரண்டாம் வாசிப்பின் தொடக்கம்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணவரின் புலமையை நான்கு கூறாக்கிக் கணக்கிடுகிறார். ஆசிரியர் உரைப்பதைக் குறைவின்றி ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. கல்வி முழுமைக்கும் சொல்லப்பட்ட இக்கணக்கு, புதினம் படிப்போர்க்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒரு நூற்பாவின் பொருளை ஆசிரியர் உறுதிசெய்து கூறலாம். புதினத்தில் வரும் தாய் ஒருத்தி செய்தது சரியா, தவறா என்பதற்கு அத்தகைய உறுதியான விடையை எவரும் தர இயலாது.

அவையற்ற இலக்கியம்

தமிழில் ஒரு நூல் அரங்கேறுவதற்கு அவை வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற்பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. அவையில் தடை எழுப்புவோர் இருப்பர். நூலாசிரியர் விடை கூறவேண்டும். நூலின் பொருளோடு, அதனை எவ்வாறு கேட்பது என்பதும் அங்கே வெளிப்பட்டது.

புதினத்திற்கு அப்படி ஓர் அவை வாய்க்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சாகி வெளிவந்தது. அச்சிலிருந்து நேரே வாசகரின் கைக்கு வந்த வடிவம் அது. வாசகர் மூலையில் அமர்ந்து ஓசையின்றிப் படிக்கிறார், சிரிக்கிறார், கண் கலங்குகிறார், புத்தகத்தை மூடிவைக்கிறார். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் தடுத்துக் கேட்க அங்கு எவரும் இல்லை. ஆகவே, புதினம் படிப்போர் தமக்குரிய அவையைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வார இதழ்கள் அத்தகைய அவையொன்றை அமைத்துத் தந்தன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றியமர்ந்து கேட்டனர். எழுத்தறியாத பாட்டியும் அந்த அவையின் உறுப்பினர். அனைவரும் ஒரே அத்தியாயத்தில் நின்றனர்; அடுத்த இதழ் வரும் வரை ஊகித்தும் வாதிட்டும் வந்தனர். இன்று முழு நூலும் கைக்குக் கிடைத்துவிடுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை. காத்திருப்பு போனதில் பெரிய இழப்பில்லை. கூடியிருந்து பேசும் வழக்கம் போனதுதான் இழப்பு.

அப்புதினத்தைப் படித்தவர்களிடையே இன்றும் ஓயாத வினா ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? பெரிய பழுவேட்டரையர் தம் இறுதி நேரத்தில் கூறுவதை அப்படியே ஏற்போர் உண்டு. வந்தியத்தேவனைக் காப்பதற்காகவே அவர் அவ்வாறு கூறினார் என்று ஐயுறுவோரும் உண்டு. இடையில் ஒருவர் உடையார்குடிக் கல்வெட்டைச் சான்று காட்டி, அதில் ரவிதாசன் முதலியோரின் பெயர்கள் உள்ளன என்பார். கல்வெட்டு வரலாற்றுக்குச் சான்று. ஆனால், கல்கி படைத்த பழுவேட்டரையர் பொய் சொன்னாரா என்னும் வினாவுக்குப் புதினத்தின் பக்கங்களிலேதான் சான்று தேட வேண்டும். இவ்விரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளும் வாதங்களே மிகுதி. நண்பர் ஒருவர் மறுத்துரைக்கும்வரை அக்குழப்பம் வாசகருக்குத் தெரிவதுமில்லை.

வாசகர் சினமும் ஒரு புதினமும்

கருத்துப்போர் வாசகரோடு முடிந்துவிடுவதில்லை. எழுத்தாளரின் எழுதுகோல் வரை அது சென்றதற்கும் சான்றுண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை 1966இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்திருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் மகிழுந்தில் ஏறி வஞ்சிக்கப்படுகிறாள். வீடு திரும்பியவள் நடந்ததைத் தாயிடம் கூறுகிறாள். முதலில் பதறிய தாய், பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவளே என்று கூறி ஏற்றுக்கொள்கிறாள். ஊருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை என்பது அத்தாயின் முடிவு.

கதையின் இம்முடிவு வாசகரிடையே பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று சிலர் சினந்தனர். இப்படி ஒரு தாய் இருந்தாலன்றோ பெண்கள் வாழ முடியும் என்று வேறு சிலர் வாதிட்டனர். கதையின் முடிவை மாற்றி எழுதிப் பார்த்தோரும் உண்டு.

ஜெயகாந்தன் அந்தச் சினத்தைப் புறந்தள்ளவில்லை. பணிந்து மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அத்தாய் அவ்வாறு நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்னும் வினாவை எடுத்துக்கொண்டார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் புதினம் பிறந்தது. இதில் தாயின் அலறலால் செய்தி அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுகிறது. கங்கை வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். அவள் வாழ்க்கை முழுவதும் வேறு தடத்தில் செல்கிறது. பின்னொரு நாளில் அவள் ஓர் எழுத்தாளரின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையைப் படித்து, அதனைத் தன் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். சிறுகதையே புதினத்துக்குள் ஒரு பொருளாக வந்துவிடுகிறது. இப்புதினத்திற்குச் சாகித்திய அகாதெமி 1972ஆம் ஆண்டுக்குரிய விருதை வழங்கியது.

அன்று சினந்த வாசகர்களின் கருத்து தவறு என்று இன்று எளிதில் சொல்லிவிடலாம். அவர்கள் செய்த நன்மையை மறந்துவிடலாகாது. ‘கதை நன்று’ என்று பாராட்டிவிட்டு அனைவரும் அமைதியாக இருந்திருந்தால், கங்கை என்னும் மாந்தரைத் தமிழ் பெற்றிருக்குமா என்பது ஐயமே. சிறுகதையே சிறந்தது, புதினம் அதன் விளக்கவுரைபோல் நீண்டுவிட்டது என்று கருதும் வாசகரும் உளர். அக்கருத்தும் மதிக்கத்தக்கதே; இரண்டையும் படித்தபின் கூறப்படுமாயின்.

சுவைப்பதும் மதிப்பிடுவதும்

நெல்லை வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழ் அறிந்தோர்க்குப் புதிதன்று. அங்கே பேசப்பட்டவை பெரும்பாலும் கவிதைகள், குறிப்பாகக் கம்பர். ஒரு பாடலை மீண்டும் மீண்டும் சொல்லி, சுவையை ஒருவர் மற்றவருக்கு ஊட்டும் அவை அது. கம்பராமாயணத்தின் பல பாடல்களை டி.கே.சி. இடைச்செருகல் என்று ஒதுக்கியதை ஏற்காத அறிஞர் பலர். ஆயினும், அவரோடு மாறுபட வேண்டுமென்றால் அப்பாடல்களைத் திரும்பப் படித்தாக வேண்டியிருந்தது.

புதினத்தைப் பொறுத்தவரை வாதம் இன்னும் கடுமையாக நடந்தது. க.நா.சுப்ரமண்யம், பெரும்புகழ் பெற்ற தொடர்கதைகள் பலவற்றை இலக்கியமாக ஏற்க மறுத்தார். கல்கியின் வாசகர்கள் அவர்மீது சினம் கொண்டனர். அவரே ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் தலைப்பில், தமக்குப் பிடித்த நூல்களை வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் விமர்சனத்துக்கு முதன்மை தந்தது. இவர்களின் முடிவுகள் அனைத்தும் நிலைத்துவிடவில்லை. ஒரு நூலை விரும்பினால் காரணம் கூற வேண்டும் என்னும் பழக்கம் மட்டும் நிலைத்தது.

வகுப்பறையில் இப்பழக்கம் வேரூன்றாமைக்கு அச்சமே காரணம். கூறும் கருத்து தவறாகிவிடுமோ என்றெண்ணி, மாணவர் வழிகாட்டி நூலில் உள்ள கதைச்சுருக்கத்தை ஒப்பிக்கின்றனர். கதைச்சுருக்கத்தில் தவறு நேர வாய்ப்பில்லை; கருத்தும் இல்லை. இரவல் கருத்தோடு பழகியவர், நாளை தம்மைச் சுற்றியுள்ள மனிதரையும் இரவல் கருத்தாலேயே எடைபோடுவார். ஒருத்தியைப் பற்றி ஊர் சொல்வதைக் கேட்டு அப்படியே நம்புவார். கங்கைக்கு நேர்ந்தது அதுதான்.

கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ புதினத்தை எடுத்துக்கொள்ளலாம். இதில் தலைவன் என்று ஒருவரும் இல்லையே, இது எப்படிப் புதினமாகும் என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். ஊரே தலைவன் என்று கரிசல் மண்ணில் பிறந்த மற்றொருவர் விடை கூறலாம். அதனைக் கேட்டதும் முதல்வர் தம் கருத்தை உடனே மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஊர் தலைவனாயின், அவ்வூர் மக்கள் முன்பு எங்கிருந்து, ஏன் ஓடிவந்தனர் என்று மங்கத்தாயாரம்மாள் நினைவுகூரும் பகுதி ஏன் அவ்வளவு நீள்கிறது என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அதுவரை பேசாதிருந்த மூன்றாமவர் அப்பொழுது புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்.

இவ்வாறு பேசுவதற்குப் பெரிய மண்டபமோ மேடையோ தேவையில்லை. ஊர்ப்புற நூலகத்தில் ஒரு புதினத்திற்குப் பெரும்பாலும் ஒரு படிதான் இருக்கும். நால்வர் முறைவைத்துப் படிக்க வேண்டும். நூலில் கோடிடாமல், ஐயம் எழுந்த பக்கங்களில் சிறு தாள்துண்டுகளைச் செருகி அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். முதலில் படித்தவர் முடிவை வெளியிடாமல் பொறுத்திருத்தல் வேண்டும். நால்வருள் கடினமான பணி அவருடையதே. நான்காமவர் படித்து முடிக்கும் நாளில் புத்தகத்தில் நான்கு வகைத் தாள்துண்டுகள் இருக்கும். நால்வரும் ஒரே பக்கத்தில் செருகியிருந்தால், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். ஒருவர் மட்டும் செருகிய பக்கம் இருந்தால், அவரை முதலில் பேசவிடலாம்.