ஒட்டுப் போட்ட ஹோஸ் ஓடுமா?

"ஹோஸ்தானே, ரியூப் துண்டைச் சுத்திக் கம்பியால கட்டினாக் காணும். புதுசு போடச் சொல்றது கராஜ்காரன் காசு புடுங்கிற வேலை." மாவடிப்பள்ளி, சம்மாந்துறைப் பக்கம் வாகனம் வைத்திருப்பவர்களிடம் இது சாதாரணப் பேச்சு. 2022இல் ரூபாய் விழுந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறிய பிறகு கஷ்டம் உண்மை. ஆனாலும் இந்தப் பேச்சு பிழை.

"உள்ளே ஓடுறது வெறும் தண்ணிதானே" என்கிறார்கள். ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள்: 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். 0.9 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பருக்கு நடுவே பின்னிய நூல். வெட்டு நூல்வரை இறங்கிவிட்டால் மேலே எதைச் சுற்றினாலும் அந்தப் பலம் திரும்பாது. கல்முனைச் சந்தைக்குப் போய்வர ஒட்டு தாக்குப்பிடிக்கலாம். நோயாளியை ஏற்றிக்கொண்டு மஹாஓயா, மஹியங்கனை கடந்து கண்டிக்குப் போகும் வேன், அந்த மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் முதல் கியரில் ஏறும்போது? அங்கே ஹோஸ் வெடித்தால் நடுவழியில் நிற்பது அந்த நோயாளிதான்.

"ஒட்டுப் போட்டு ஓடினேன், மீட்டர் ஏறவேயில்லை" என்பது இன்னும் ஆபத்தான சாட்சி. சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வடிந்துபோனால் அது வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வேகும்போதும் முள் அசையாமல் இருக்கலாம், கீழேகூட இறங்கலாம். அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கட் போன பிறகுதான் விஷயம் தெரியவரும். அந்த வேலைக்கு ஆகும் செலவுக்கு எத்தனையோ ஹோஸ் வாங்கலாம்.

"கையில இருக்கிற ஏதாவது ஹோஸைப் போடு" என்பதும் சரிவராது. பெற்றோலோ எஞ்சின் ஒயிலோ போகும் இடத்தில் கூலண்ட் ஹோஸைப் போட்டால், அதன் ரப்பர் ஊறிப் பருத்து இளகிவிடும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெற்றோல் சுமார் 3 பாரில் ஓடுகிறது. அது சூடான சைலன்சர் குழாயில் பீச்சினால் தீதான். பிரேக் ஹோஸில் ஒட்டு, இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஹீட்டருக்குப் போகும் நேரான ஹோஸில் சின்ன வெட்டு என்றால், பழுதான துண்டை அறுத்தெடுத்து, அளவான பித்தளை ஜொயின்டரைச் செருகி, இரு பக்கமும் கிளிப் போடுவது முறையான வேலை. நுனியில் மட்டும் வெட்டு, நீளமும் மிச்சம் என்றால் நுனியை நறுக்கிவிட்டு மாட்டலாம். அதற்கு முன் நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் உள்ளிருந்தே வெடிக்கத் தொடங்கியிருக்கலாம். நடுப்பகுதியைவிட அந்த இடம் இளகியிருந்தால், அல்லது உள்ளே பிளவு தட்டுப்பட்டால், ஜொயின்டர் வாங்க வேண்டாம். முழு ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுங்கள்.