கேமரா கடைசியில் வாங்கலாம்

ஹைதராபாத்தின் மாதாப்பூரிலிருந்து கடலைப் பார்க்கச் சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அருகில் இருக்கும் பெரிய நீர்ப்பரப்பு துர்கம் செருவு ஏரி. 2020-இல் திறந்த கேபிள் பாலத்திலிருந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் அங்கே ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்கள் லீவு போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போய் ஸ்கூபா கற்றுக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். வேலை நிமித்தம் கனடாவோ ஐரோப்பாவோ வாய்த்தால், அங்கேயும் இறங்கிப் பார்க்க ஆசை வருகிறது. உடனே வாங்கத் தோன்றுவது கேமரா. குளிர்நீரில் இந்த வரிசை ஆபத்தானது.

அந்தமானில் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். 3 மி.மீ. வெட்சூட் தாராளம். டொராண்டோ தமிழர்கள் காரில் போய் வரக்கூடிய டோபர்மோரியின் கதை வேறு. ஹூரான் ஏரியில், 1987-இல் அமைந்த ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்கா அங்கே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மரக்கப்பல்கள் கெடாமல் கிடக்கின்றன. படம் எடுப்பவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஆகஸ்டிலும் ஆழத்தில் 4 டிகிரிதான். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி. தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் அணிந்து டைவ் செய்த அனுபவம் இல்லாதவர்களை அங்கே ஸ்கூபாவுக்கு இறக்குவதில்லை. சரியான விதி.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். வெட்சூட் காப்பாற்றுவது அதன் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் குட்டிக் குமிழிகளால். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது, குமிழிகள் நசுங்கி சூட் மெலிகிறது. ஆழத்தில் தண்ணீர் அதிகம் குளிரும் நேரத்தில்தான் போர்வையும் மெலிந்துபோகிறது. அதனால் 10 டிகிரிக்குக் கீழே டிரைசூட்தான். அதிலும் சூடு தருவது வெளித்தோல் அல்ல, உள்ளே போடும் கம்பளி உடுப்பும் அதில் தங்கும் காற்றும். அந்தக் காற்று கால் பக்கம் ஏறிவிட்டால் ஆள் தலைகீழாக மேலே இழுபடுவார். காசு கொடுத்து வாங்கிய அன்றே அணிந்து இறங்கக்கூடிய பொருளல்ல அது. ஆழமில்லாத இடத்தில் பயிற்சியாளரோடு பழக வேண்டும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, படமெடுத்துப் போடுவதும் இல்லை. உயிர் அதில்தான் இருக்கிறது. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று முதல் கட்ட வால்வில் விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றிலும் 4 டிகிரி தண்ணீர் என்றால் அங்கே பனிக்கட்டி பிடிக்கும். வால்வு திறந்தபடியே நின்றுபோகும், காற்று பீறிட்டுக் கொட்டும், சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. இதைத் தவிர்க்கத்தான் குளிர்நீருக்கென்று மூடி அடைத்த ரெகுலேட்டர்கள் இருக்கின்றன. ஐரோப்பிய இ.என். 250 தரநிலையின்படி, குளிரில் தேறாதவற்றின் மீது ‘10 டிகிரிக்கு மேல் மட்டும்’ என்ற குறி இருக்கும். பழைய ரெகுலேட்டரை மலிவாக வாங்கும் முன் அந்தக் குறியைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்ய எங்கே அனுப்புவது என்பதையும் விசாரித்துவிட வேண்டும்.

இனி கேமரா. கடையில் வெறுங்கையால் தொட்டுப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 5 மி.மீ. கையுறை போட்ட விரலுக்குச் சின்ன பட்டன்கள் அகப்படா. கையுறையை மாட்டிக்கொண்டு ஷட்டரை அழுத்திப் பாருங்கள். கேமராவை மூடும் நீர்புகா உறையான ஹௌசிங்கில் பெரிய நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், எனவே ஒவ்வொரு டைவுக்கும் முழு சார்ஜ். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல, ஈரக்காற்றோடு மூடிய ஹௌசிங் குளிர்நீர் பட்டதும் உள்ளே பனிக்கும். உலர்ந்த அறையில் வைத்து மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டால் போதும்.

மிக நுணுக்கமான வேலை, ஹௌசிங்கின் மூடியை அடைக்கும் ஓ-ரிங். அந்த ரப்பர் வளையத்தை மெதுவாகக் கழற்றி, விளக்கொளியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, விரல் நுனியால் தடவிக் கிரீஸ் பூச வேண்டும். ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ போதும், தண்ணீர் புக.

முகத்தில் ஒட்டி உட்காரும் மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் இரண்டும் சொந்தமாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்கள் டிரைசூட்டையும் குளிர்நீர் ரெகுலேட்டரையும் போகும் ஊரிலேயே வாடகைக்கு எடுப்பதுதான் சரி. அங்குள்ளவர்களுக்கு அந்தத் தண்ணீர் தெரியும். வெப்பக்கடலில் கற்பிக்கும் நம்மூர் பயிற்சியாளர்களும் ஒன்றைச் செய்ய வேண்டும்: சான்றிதழ் கொடுக்கும்போதே, இந்தப் பழக்கம் எந்த வெப்பநிலை வரை செல்லும் என்று மாணவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். கைகால் அசைக்காமல் ஒரே ஆழத்தில் நிற்கத் தெரியாதவரிடம் கேமராவைக் கொடுக்காமலிருந்தால் பவளப்பாறைகளும் பிழைக்கும்.

எல்லாம் அமைந்து ஹௌசிங்கும் வாங்கிவிட்டால், முதல் டைவில் கேமராவை உள்ளே வைக்க வேண்டாம். ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து மூடி, மிதந்து போகாமல் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, படமெடுக்கப்போகும் ஆழத்துக்கே கொண்டுபோய் வாருங்கள். கரையில் திறக்கும்போது காகிதம் நனையாமல் இருந்தால், அடுத்த டைவுக்குக் கேமரா போகலாம்.